மின்சாரம் இழுக்கும், வில் தள்ளும்

மோரிஸ் மைனர் காரில் சாவியைத் திருப்பியதும், எஞ்சினுக்கு முன்பே வேறொன்று உயிர் பெறும். பானெட்டுக்கு அடியில், எஞ்சின் அறையையும் பயணிகளையும் பிரிக்கும் தகட்டிலிருந்து 'டிக்டிக்டிக்' என்று ஓர் ஓசை வேகமாகக் கிளம்பும். சில விநாடிகளில் அது தளர்ந்து, இடைவெளி விட்டு அடித்து, பிறகு நின்றுவிடும். பழகிய ஓட்டுநர்கள் அந்த ஓசை அடங்கிய பிறகே ஸ்டார்ட்டர் குமிழை இழுப்பார்கள். கார்புரேட்டர் நிரம்பிவிட்டது, இனி எஞ்சினைக் கிளப்பலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஓசையை எழுப்புவது எஸ்.யூ. நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்ப். மோரிஸ் மைனர், எம்.ஜி., ஜாகுவார் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் பிறந்த பல கார்களில் இந்தப் பம்ப் இருந்தது. இங்கிலாந்தில் மட்டுமல்ல, இலங்கைச் சாலைகளிலும் மோரிஸ் மைனர்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, பம்ப் ஏன் நின்றது என்பதுதான். அதற்கு விடை சொல்லும் கருவி பம்புக்குள்ளேயே இருக்கிறது. பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், அதன் ஓசையும் மௌனமும் நோய்க்குறிப்பாக மாறிவிடும்.

தொட்டி கீழே, கார்புரேட்டர் மேலே

ஆரம்பகாலக் கார்களில் பெட்ரோலைக் கொண்டுசேர்க்கப் பம்ப் எதுவும் தேவைப்படவில்லை. தொட்டியைக் கார்புரேட்டரைவிட உயரத்தில் வைத்தார்கள். புவியீர்ப்பு மீதியைப் பார்த்துக்கொண்டது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் தொட்டி முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது காரின் முகம் உயர்ந்து, கார்புரேட்டர் தொட்டியைவிட மேலே போய்விடும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் அணைந்துவிடும். அதனால் அந்தக் காரைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் மேடு ஏற்றியவர்கள் உண்டு.

பாதுகாப்புக்காகவும் இடவசதிக்காகவும் தொட்டி காரின் பின்பக்கம் போனதும், பெட்ரோலை முன்னால் கொண்டுவர ஒரு வழி தேவைப்பட்டது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் குறை அழுத்தத்தைக் கொண்டே பெட்ரோலை ஒரு சிறு தொட்டிக்கு ஏற்றும் முறை சில காலம் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி நீண்ட மலைப்பாதையில் ஏறும்போது அந்தக் குறை அழுத்தம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். பெட்ரோல் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்திலேயே வரத்து நின்றுபோகும். எஞ்சினின் கேம் தண்டு ஓட்டும் இயந்திரப் பம்ப் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் எஞ்சின் சுழன்றால்தான் அது வேலை செய்யும்; வாரக்கணக்கில் நின்ற காரில் கார்புரேட்டரை நிரப்புவதற்கே ஸ்டார்ட்டரை நெடுநேரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

மின்சாரப் பம்புக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம். எஞ்சின் கிளம்பும் முன்பே அது தன் வேலையை முடித்துவிடும். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் வடிவமைத்த முதல் கார்புரேட்டர்களில் தோலால் ஆன துருத்தி இருந்தது. 1926-இல் அந்த நிறுவனம், மோரிஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் மோரிஸின் கைக்கு வந்தது. 1930-களில் அதன் மின்சாரப் பம்ப் பிரிட்டிஷ் கார்களில் பரவியது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனருக்கும் அதுவே கிடைத்தது.

ஓர் அடியின் உள்ளே

பம்பைக் கையில் எடுத்தால் மூன்று பகுதிகள் தெரியும். அடியில், பெட்ரோல் வந்துபோகும் உலோக வார்ப்பு. நடுவில், செம்புக் கம்பிக் காயில் அடங்கிய இரும்பு உருளை. உச்சியில், மின்தொடர்புப் பாயிண்டுகளை மூடியிருக்கும் கறுப்பு பேக்கலைட் மூடி. அடிப்பகுதியையும் காயிலையும் பிரித்து நிற்பது டயாஃப்ரம். பெட்ரோலைத் தாங்கும் துணியடுக்குகளால் ஆன வட்டத்தகடு இது. இதன் நடுவில் ஆர்மேச்சர் என்னும் இரும்புத்துண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய தண்டு காயிலின் நடுவே புகுந்து உச்சியிலுள்ள பாயிண்டுகள் வரை போகிறது.

இக்னிஷனைப் போட்டதும் மூடியிருக்கும் பாயிண்டுகள் வழியாகக் காயிலில் மின்சாரம் பாய்கிறது. காயில் மின்காந்தமாகி ஆர்மேச்சரை இழுக்கிறது. அதோடு டயாஃப்ரமும் பின்வாங்க, அடியிலுள்ள அறை விரிகிறது. நம் தெருக்களில் இருக்கும் அடிபம்பில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது: அறைக்குள் அழுத்தம் குறைய, தொட்டியிலுள்ள பெட்ரோலை வளிமண்டலம் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. உள்வரும் வால்வு திறக்கிறது. வெளியேறும் வால்வு மூடிக்கொள்கிறது.

ஆர்மேச்சர் பயணத்தின் முடிவை நெருங்கும்போது, தண்டின் மறுமுனை ஒரு சிறிய ஊசல் பொறியைத் தட்டுகிறது. நடுநிலையில் நிற்க முடியாதபடி வில் பூட்டப்பட்ட பொறி அது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று தாவும். தாவும்போது பாயிண்டுகளைப் பிரித்துவிடும். மின்சாரம் நிற்கிறது, காந்தம் அடங்குகிறது. இப்போது, ஆர்மேச்சர் வந்த வழியில் அமுங்கியிருந்த சுருள்வில் டயாஃப்ரத்தை முன்னே தள்ளுகிறது. வெளியேறும் வால்வு திறந்து பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. டயாஃப்ரம் முன்முனையை எட்டியதும் பொறி மறுபடி தாவி, பாயிண்டுகளை மூடுகிறது. அடுத்த அடி தொடங்குகிறது.

இந்தச் சுற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று. மின்சாரம் செய்யும் வேலை, பெட்ரோலை உள்ளே இழுப்பதும் வில்லை அமுக்குவதும் மட்டும். கார்புரேட்டருக்குத் தள்ளுவது வில். எனவே பம்ப் தரும் அழுத்தத்தைத் தீர்மானிப்பதும் வில்லே. பேட்டரி முழு வலுவில் இருந்தாலும் சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த அழுத்தம் மாறாது. மைனரின் பம்பில் அது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பார்ப்பதற்குச் சொற்பம். ஆனால் கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில், மிதவை தூக்கிப்பிடிக்கும் ஊசி வால்வு அந்த அழுத்தத்தைத் தாங்கி அடைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் கூடினால் ஊசி தோற்றுப்போய்ப் பெட்ரோல் வழியும்.

ஃப்ளோட் அறை நிரம்பி ஊசி மூடிக்கொண்டதும் என்ன ஆகிறது? வில் தள்ளுகிறது, பெட்ரோலுக்குப் போக இடமில்லை. டயாஃப்ரம் நடுவழியில் நிற்கிறது. பொறி இன்னும் தாவவில்லை. பாயிண்டுகள் திறந்தே இருக்கின்றன. காயிலில் துளி மின்சாரமும் ஓடாது. எஞ்சின் சிறிது பெட்ரோலைக் குடித்ததும் வில் நகர்கிறது, பொறி தாவுகிறது, அடுத்த 'டிக்' கேட்கிறது. எவ்வளவு தேவையோ அவ்வளவே அடிக்கும். தேவையில்லாதபோது மின்சாரமின்றி ஓய்வெடுக்கும். மின்னணுச் சாதனம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு வில்லும் ஒரு தாவும் பொறியும் சேர்ந்து செய்யும் இந்தத் தன்னடக்கம், பொறியியலில் மிக அழகான தீர்வுகளில் ஒன்று.

தீப்பொறி பறக்கும் இடம்

இந்த வடிவமைப்பின் பலவீனம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது: பாயிண்டுகள். அவை டங்ஸ்டனால் ஆனவை. உருகுநிலை 3,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் உள்ள அந்த உலோகமே காலப்போக்கில் தேய்கிறது, கருகுகிறது. காரணம் காயிலின் குணம்.

ஒரு காயிலில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்த முயன்றால் காயில் அதை எதிர்க்கும். ஓட்டத்தைத் தொடர்ந்து வைத்திருக்கத் தானே மின்னழுத்தத்தை உண்டாக்கும். அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1832-இல் எழுதி வெளியிட்ட இந்த நிகழ்வுக்குத் தன்மின்தூண்டல் என்று பெயர். 12 வோல்ட் பேட்டரியோடு இணைந்த பம்பின் காயில், பாயிண்டுகள் பிரியும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட்டை எழுப்பும். அந்த மின்னழுத்தம் பாயிண்டுகளுக்கு இடையிலான மெல்லிய காற்றைத் தாண்டி நீலத் தீப்பொறியாகப் பாய்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தீப்பொறி. ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு பாயிண்டிலிருந்து நுண்ணளவு உலோகத்தை எடுத்து மற்றொன்றில் வைக்கிறது. நாளடைவில் ஒன்றில் குழியும் மற்றொன்றில் மேடும் உண்டாகும். சூடான டங்ஸ்டன் காற்றோடு சேர்ந்து ஆக்சைடு படலமும் பூக்கும். அந்தப் படலத்தில் மின்சாரம் எளிதில் பாயாது.

இதை மட்டுப்படுத்தப் பல வழிகள் வந்தன. பழைய பம்புகளில் காயிலோடு ஒரு மின்தடைக் கம்பியை இணைத்தார்கள். பிறகு கண்டன்சர் வந்தது. பாயிண்டுகள் பிரியும் கணத்தில் மின்சாரத்துக்கு அது ஒரு தற்காலிகப் புகலிடம் தருவதால் மின்னழுத்தம் மெதுவாக ஏறும். பின்னர் டையோடு. காயிலின் மின்சாரம் பாயிண்டுகளைத் தாண்டாமல் காயிலுக்குள்ளேயே சுற்றி அடங்க அது வழிவிடும். ஆனால் அப்படிச் சுற்றும்போது காந்தம் அடங்கும் நேரம் நீண்டு பம்பின் வேகம் குறையும். அதனால் டையோடோடு ஒரு மின்தடையையும் சேர்த்தார்கள்.

டையோடு பொருத்துபவர்கள் மறக்கக் கூடாத ஒரு செய்தி உண்டு. மோரிஸ் மைனரில் காரின் உடலோடு இணைந்திருப்பது பேட்டரியின் நேர்முனை. இன்றைய கார்களில் எதிர்முனைதான் அப்படி இருக்கும். டையோடு மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் என்பதால், திசைமாற்றிப் பொருத்தினால் பாயிண்டுகள் மூடும் கணத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு டையோடும் பாயிண்டும் ஒருசேரக் கருகும். திசை பார்க்காமல் இரு பக்கமும் வேலை செய்யும் மின்னழுத்த அடக்கிகள் இப்போது கிடைக்கின்றன. இந்தக் கார்களுக்கு அவையே பொருத்தம்.

மூன்று மௌனங்கள்

பம்ப் அடிக்கவில்லை என்றால் அது கெட்டுவிட்டது என்று பொருளல்ல. மௌனம் மூன்று வகை. எது என்று கண்டுபிடிப்பதே பாதி வைத்தியம்.

முதல் மௌனம் நலமான மௌனம். ஃப்ளோட் அறை நிரம்பியிருக்கிறது, பாயிண்டுகள் திறந்திருக்கின்றன, பம்ப் குளிர்ந்திருக்கிறது. ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டு திறக்காவிட்டாலும், கார்புரேட்டருக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டாலும் இதே நிலைதான். இதைப் பிரித்தறிய, பம்பின் வெளியேறும் குழாயின் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி, கீழே பாத்திரம் வைத்து, இக்னிஷனைப் போட வேண்டும். உடனே 'டிக்டிக்' என்று கிளம்பினால் பம்பில் குறையில்லை. அடைப்பு இருந்தால் அது கார்புரேட்டர் பக்கத்தில்தான்.

இரண்டாவது மௌனத்தில் பம்ப் தொட்டால் சுடும். ஆர்மேச்சர் பாதி வழியில் நின்றுவிட்டது, பொறி தாவவில்லை, பாயிண்டுகள் மூடியே இருக்கின்றன. மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்து காயிலைச் சூடாக்குகிறது. தொட்டியிலிருந்து வரும் குழாயிலோ வலைச் சல்லடையிலோ அடைப்பு இருக்கலாம். தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைந்திருக்கலாம். பெட்ரோல் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்து, வளிமண்டலத்தால் தள்ள முடியாமல் போயிருக்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, பம்ப் மறுபடி அடிக்கத் தொடங்கினால் காரணம் அதுவே. இந்த மௌனத்தில் இக்னிஷனை அணைக்காமல் விட்டால், உள்ளேயிருக்கும் மின்தடைக் கம்பியும் காயிலும் வெந்துபோகலாம்.

மூன்றாவது மௌனத்தில் பம்ப் குளிர்ந்திருக்கும், வெளியேறும் குழாயைத் தளர்த்தினாலும் அடிக்காது. மின்சாரம் வரவில்லை, அல்லது வந்தும் பாயிண்டுகளின் ஆக்சைடு படலம் அதை மறிக்கிறது. இங்கேதான் பம்பை ஸ்பேனரின் கைப்பிடியால் மெல்லத் தட்டும் பழக்கம் பிறந்தது. தட்டியதும் பம்ப் ஓடத் தொடங்குவது உண்மைதான். அந்த அதிர்வில் பாயிண்டுகள் உராய்ந்து படலம் விலகுகிறது. வீடு போய்ச் சேர அது உதவும். ஆனால் ஒருமுறை தட்ட வேண்டி வந்த பம்ப், பாயிண்டுகளின் ஆயுள் முடியப்போவதைச் சொல்லிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

மின்சாரம் வருகிறதா என்று பார்க்கப் பலரும் டெஸ்ட் லாம்பைப் பயன்படுத்துவார்கள். அது ஏமாற்றிவிடக்கூடும். கணக்கு இப்படி: பம்பின் காயில் 3 ஓம் என்றும், துருப்பிடித்த எர்த் இணைப்பு 1 ஓம் தடை தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். துரு இல்லாதபோது 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் பாயும். துருவோடு 3 ஆம்பியர்தான். பம்புக்குக் கிடைப்பது 9 வோல்ட். காந்தத்தின் இழுவிசையோ மின்சாரத்தின் இருமடி அளவில் மாறுவது. ஆகவே விசை பதினாறில் ஒன்பது பங்காக, ஏறக்குறையப் பாதியாகச் சரிந்துவிடும். அதே துருவின் வழியே சிறு டெஸ்ட் லாம்பு பிரகாசமாகவே எரியும், ஏனெனில் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. பம்ப் இழுக்கும்போது அதன் முனையில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. பம்பின் உடலுக்கும் காரின் உடலுக்கும் இடையே தனி எர்த் கம்பி போடுவதும், இணைப்பு முனைகளைப் பளபளவென்று சுரண்டி இறுக்குவதும் செலவில்லாத சிகிச்சைகள்.

நிற்காத டிக்டிக்

மௌனத்தைப் போலவே, ஓயாத ஓசைக்கும் பொருள் உண்டு. எஞ்சினை நிறுத்தி இக்னிஷனை மட்டும் போட்டு வைத்தால், ஃப்ளோட் அறை நிரம்பிய பின் அரை நிமிடமாவது பம்ப் அமைதியாக இருக்க வேண்டும். இல்லாமல் சில விநாடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தால், தள்ளிய பெட்ரோல் எங்கோ நழுவுகிறது. முதலில் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழிந்தால் அது தீ அபாயம். அங்கே ஈரம் இல்லையென்றால், வெளியேறும் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துப் பார்க்கலாம். அப்போதும் அடித்தால், பம்பின் உள்வரும் வால்வு சரியாக அமராமல் பெட்ரோல் தொட்டிக்கே திரும்பிப் போகிறது.

மிக வேகமான, கனமற்ற 'டிக்டிக்டிக்' வேறு கதை. தொட்டி காலியாக இருக்க வேண்டும், அல்லது பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. தொட்டிக்கும் பம்புக்கும் இடையே குழாயில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. எனவே அங்கே ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். வெளியில் ஈரமே தெரியாததால் இந்தக் குறையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெளியேறும் குழாயின் முனையைப் பெட்ரோல் ஊற்றிய கண்ணாடிக் குடுவைக்குள் அமிழ்த்திப் பம்பை ஓட்ட வேண்டும். முதலில் சில குமிழிகள் வருவது இயல்பு. பெட்ரோல் சீராக வரத் தொடங்கிய பிறகும் குமிழிகள் தொடர்ந்தால், உறிஞ்சும் பக்கத்தில் ஏதோ ஒரு வாஷரோ ஹோஸோ காற்றுக்கு வழிவிடுகிறது. நலமான பம்ப் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் தர வேண்டும். எஞ்சின் கேட்பதைவிட இது பல மடங்கு அதிகம். அந்த உபரிதான் பம்பின் பாதுகாப்பு எல்லை.

திறந்து பார்த்தால்

பம்பைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு காயில் கூட்டின் மேலும் அடிவார்ப்பின் மேலும் ஒரே நேர்க்கோட்டில் ஒரு கீறல் போட்டுக்கொண்டால், மறுபடி சேர்க்கும்போது திசை மாறாது. ஓரத்திலுள்ள ஆறு திருகுகளையும் எடுத்ததும் இரு பாதிகள் பிரியும். டயாஃப்ரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றினால் தண்டோடு கழன்று வரும். இந்த இடத்தில் கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்வது நல்லது. ஆர்மேச்சரைச் சுற்றி 11 பித்தளை உருளைகள் தளர்வாக அமர்ந்திருக்கும். டயாஃப்ரம் வெளியே வந்ததும் அவை சலசலவென்று உதிரும். ஆர்மேச்சர் காயிலின் சரியான நடுவில் நகர்வதற்கும், டயாஃப்ரத்தின் துணி அடியில் தாங்கப்படுவதற்கும் இந்த உருளைகளே காரணம். ஒன்று குறைந்தாலும் ஆர்மேச்சர் சாயும், உராயும்.

பழைய பெட்ரோலின் பிசின் எங்கும் பழுப்பு நிறத்தில் படிந்திருக்கும். வால்வுத் தகடுகளில் அது ஒட்டினால் அவை அமராது. பித்தளைத் தகடுகளைத் துலக்கி, வழவழப்பான முகம் கீழே இருக்குமாறு வைக்க வேண்டும். அடியிலுள்ள வலைச் சல்லடையைத் தூரிகையால் சுத்தம் செய்தால் போதும். டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். விறைத்திருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். பாயிண்டுகளை லேசாகத் தேய்த்துத் துடைக்கலாம். குழியும் மேடும் ஆழமாக இருந்தால் தேய்ப்பதில் பயனில்லை. ஜோடியாக மாற்றுவதே முறை.

சேர்க்கும்போது எல்லாவற்றிலும் முக்கியமானது டயாஃப்ரத்தின் அளவைச் சரிசெய்வது. இதற்காக வில்லை முதலில் வைக்காமல், உருளைகளோடு டயாஃப்ரத்தை மட்டும் திருகி, பம்பைப் படுக்கையாகப் பிடித்து, பெருவிரலால் ஆர்மேச்சரை நிதானமாக உள்ளே அழுத்திப் பார்க்க வேண்டும். பொறி தாவாத அளவுக்கு டயாஃப்ரத்தை உள்ளே திருகிவிட்டு, பிறகு ஓரத் திருகுகளுக்கான துளைகளைக் கணக்காகக் கொண்டு, ஒவ்வொரு துளையாகப் பின்னால் திருப்பிக்கொண்டே அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் 'டப்' என்று பொறி தாவும். அங்கிருந்து இன்னும் நான்கு துளை, அதாவது ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு, பின்னால் திருப்பி நிறுத்த வேண்டும்.

ஏன் இந்த நான்கு துளை? தண்டு மிகவும் உள்ளே திருகியிருந்தால், ஆர்மேச்சர் காயிலைத் தொட்ட பிறகும் பொறியைத் தாவவைக்க முடியாது. அப்போது பம்ப் பாயிண்டுகள் மூடிய நிலையில் நின்று, முன்பு சொன்ன இரண்டாவது மௌனத்துக்குள் விழும். மிகவும் வெளியே இருந்தால் அடியின் நீளம் குறைந்து பெட்ரோல் போதாது. நான்கு துளை என்பது, தேய்மானம் வந்த பிறகும் பொறி உறுதியாகத் தாவுவதற்கான இடைவெளி. அளவு சரியானதும், திசை கலையாமல் டயாஃப்ரத்தைக் கழற்றி வில்லை உள்ளே வைத்து மறுபடி திருகிச் சேர்க்க வேண்டும்.

பழைய வகை டயாஃப்ரங்களில் இன்னொரு படி இருந்தது. ஓரத் திருகுகளை இறுக்கும் முன், மேலே பொறியின் சிறு வெள்ளை உருளைக்கு அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகிப் பாயிண்டுகளை மூடியே வைத்து, மின்சாரம் கொடுப்பார்கள். ஆர்மேச்சர் முழுதாக உள்ளே இழுக்கப்பட்டு டயாஃப்ரத்தின் துணி நீண்டிருக்கும். அந்த நிலையில் ஆறு திருகுகளையும் எதிரெதிராக இறுக்கினால், பிறகு ஓடும்போது துணி இழுபடாமல் முழு அடியும் கிடைக்கும். இணைப்பில் பசை எதுவும் பூசக் கூடாது. அது துகளாக உதிர்ந்து வால்வில் போய் அமரும்.

வெயிலும் எத்தனாலும்

பெட்ரோல் ஒற்றைத் திரவமல்ல. அதன் லேசான பகுதிகள் 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கும்; கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். மைனரில் பம்ப் எஞ்சின் அறையிலேயே இருப்பதால், பின்பக்கத் தொட்டியிலிருந்து அதுவரையுள்ள நீண்ட குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம்தான். வெயில் நாளில் நெரிசலில் ஊர்ந்துவிட்டு நிறுத்திய காரில், எஞ்சின் சூடு அந்தக் குழாயில் ஏறும்போது பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பம்ப் ஆவியை இழுத்து, வேகமாக அடித்து, ஒன்றும் தராமல் திணறும். எம்.ஜி.பி. போன்ற கார்களில் பம்பைப் பின்பக்கத் தொட்டிக்கு அருகே வைத்ததால், நீண்ட குழாய் தள்ளும் பக்கமாகி இந்தத் தொல்லை குறைந்தது. பதிலுக்குப் பம்ப் சாலைச் சேற்றுக்கும் துருவுக்கும் இலக்கானது. இயந்திரப் பம்ப் கொண்ட பழைய கார்களை ஓட்டிய நம்மூர் ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதே தொல்லைக்குத்தான். நீர் ஆவியாகும்போது உலோகத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குழாயிலுள்ள ஆவி மறுபடி திரவமாகிறது.

இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால். இந்தியாவில் 2025-க்குள் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பரை உப்பவும் மிருதுவாகவும் செய்யும். தொட்டியில் பல ஆண்டுகள் படிந்த பிசினைக் கரைத்துச் சல்லடைக்கு அனுப்பும். எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரமும் ஹோஸும் போடுவது பழைய கார்களுக்கு இனி அவசியம். ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். நெடுநாள் நிறுத்தப்போகும் காரில் பெட்ரோலைத் தேங்கவிடாமல், மாதம் ஒருமுறையாவது ஓட்டுவது பாயிண்டுகளுக்கும் வால்வுகளுக்கும் ஒருசேர நல்லது.

தீயோடு ஒரு பம்ப்

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி தரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தால் போதும், ஒரு பொறி தீயாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். கராஜில் காருக்கு அடியிலுள்ள குழியில் நின்று இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றி, உலோகப் பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். பம்பை ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனைகளில் மட்டும் பேட்டரியை இணைத்து, சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்து உலரவிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து வடிவமைப்பிலேயே இருக்கிறது. எஞ்சின் ஓடுகிறதா என்று இந்தப் பம்புக்குத் தெரியாது. விபத்தில் குழாய் அறுந்தால், இக்னிஷன் அணையும்வரை அது பெட்ரோலைத் தரையில் கொட்டிக்கொண்டே இருக்கும். மோதல் அதிர்ச்சியில் தானாகப் பிரியும் பாதுகாப்பு சுவிட்சை பம்பின் மின்கம்பியில் சேர்ப்பது ஒரு மணி நேர வேலை. பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைச் செய்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

எதை வைத்துக்கொள்வது

பாயிண்டுகள் இல்லாத மின்னணு எஸ்.யூ. பம்புகள் இன்று இங்கிலாந்தில் தயாராகின்றன. ஆர்மேச்சரின் நிலையை உணரும் சுற்று, பாயிண்டுகளின் வேலையைத் தீப்பொறி பறக்காமல் செய்கிறது. அன்றாடம் ஓடும் காருக்கு அது நல்ல தேர்வு. ஆனால் ஏதோ ஒரு மின்சாரப் பம்பை வாங்கி மாட்டுவது வேறு விஷயம். பல பொதுப் பம்புகள் மைனரின் கார்புரேட்டர் தாங்குவதைவிட அதிக அழுத்தம் தரும். அழுத்தம் குறைக்கும் கருவி இல்லாமல் அவற்றைப் பொருத்தினால் ஊசி தோற்றுப் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் வழியும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பம்பின் அழுத்தம் என்ன என்பதே.

மின்னணு வகையைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளே டயாஃப்ரமும் வால்வுகளும் வில்லும் மாறவில்லை. மின்சாரம் இழுக்கும், வில் தள்ளும் என்ற முறையும் மாறவில்லை. ஆகவே குறைகளைக் கண்டறியும் வழியும் பெரும்பாலும் அதேதான்: ஓசை வேகமா மெதுவா, பம்ப் சூடா குளிர்ச்சியா, அழுத்தம் உறிஞ்சும் பக்கத்தில் தவறுகிறதா தள்ளும் பக்கத்தில் தவறுகிறதா. இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தவருக்கு நடுவழியில் நின்ற கார் ஒரு புதிராக இருக்காது. எந்த இணைப்பை முதலில் தளர்த்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.